கட்டையில் என்ன கனம்? - டிஜிட்டல் பியானோவும் ஒரு வார்த்தை டகால்டியும்

சென்னையில் ஏதோ ஒரு இசைக்கருவிக் கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எட்டு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் நுழைகிறார்கள்.

"பாப்பா பியானோ கிளாஸ் சேர்ந்திருக்கா. கிரேடு எக்ஸாம் எல்லாம் எழுதணும்."

"இதை எடுத்துக்குங்க மேடம். 61 கீ. நூத்துக்கணக்குல வாய்ஸ் இருக்கு, ரிதம் இருக்கு, டச் சென்சிடிவ் வேற."

"டீச்சர் ஏதோ வெயிட்டட் கீஸ்னு சொன்னாங்களே?"

"அட, அதேதாங்க மேடம் இது. டச் சென்சிடிவ்னா வெயிட்டட் மாதிரிதான்."

மாதிரிதான்! அந்த ஒரு வார்த்தையில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. பில் போட்டாயிற்று, அட்டைப்பெட்டி ஆட்டோவில் ஏறியாயிற்று. இரண்டு வருஷம் கழித்து தேர்வு அறையில் நிஜ பியானோ முன்னால் அந்தப் பெண் உட்காரும்போது, வீட்டில் கச்சிதமாக வந்த பாட்டு அங்கே வராது. மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் பாதி ஸ்வரம் ஊமையாகிவிடும். பதறிப்போய் அழுத்தினால் மீதி ஸ்வரம் இடிபோல விழும். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கிடைக்கும் பட்டம்: "பிராக்டிஸ் பத்தலை."

பிராக்டிஸ் பத்தாமல் இல்லை. அவள் வேறொரு கருவியில் பிராக்டிஸ் செய்திருக்கிறாள். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பியானோ கட்டைக்குள் என்ன இருக்கிறது?

தமிழர்களுக்குக் கட்டை என்பது புதுசில்லை. பாடகரின் சுருதியை "ஒரு கட்டை", "அஞ்சு கட்டை" என்று சொல்வதே ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்த வழக்கம்தான். சிக்கலும் அங்கேயே ஆரம்பிக்கிறது. ஆர்மோனியத்தில் கட்டை என்பது ஒரு கதவு. அழுத்தினால் காற்று போக வழி திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியைப் பிடித்திருக்கும் கையின் வேலை. பைப் ஆர்கனிலும் கட்டை திறப்பது காற்றுக்கான வழியைத்தான். ஹார்ப்சிகார்டில் கட்டை ஒரு சின்ன இறகு முனையால் தந்தியைச் சுண்டிவிடும். அதிலும் விரலின் வேகத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது.

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில், மெடிச்சி குடும்பத்தின் கருவிகளைப் பராமரித்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபொரி 1700-ஐ ஒட்டிய வருஷங்களில் இதை மாற்றினார். சுண்டுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் அடிக்கவைத்தார். மெதுவாக எறிந்தால் மெல்லிய ஒலி, வேகமாக எறிந்தால் பெரிய ஒலி. அந்தக் கருவிக்குப் பெயரே "மென்மையும் பலமும்" என்ற அர்த்தத்தில்தான் வந்தது: பியானோ எ ஃபோர்ட்டே. அவர் 1720-ல் செய்த ஒரு பியானோ இன்றும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, பியானோ கட்டை ஒரு ஸ்விட்ச் இல்லை. நம்மூர் ஏற்றம் மாதிரி ஒரு நெம்புகோல். இந்த முனையில் விரல் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கினால், அந்த முனையில் சுத்தியல் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் பறக்கும். "பறக்கும்" என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் சுத்தியலைத் தள்ளும் பாகம் நழுவி விலகிவிடும். அதற்குப் பிறகு சுத்தியல், கையைவிட்டுப் போன கல். வாசிப்பவரின் கட்டுப்பாடு முழுக்க அதற்கு முந்தைய சில மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. 1821-ல் பாரிஸ்காரரான செபாஸ்டியன் எரார் இதில் இன்னொரு இயந்திரத் தந்திரத்தைச் சேர்த்தார். கட்டை முழுசாக மேலே வராமலேயே மறுபடி அடிக்கலாம். ஒரே ஸ்வரத்தைக் கடகடவென்று வாசிக்க முடிவது அதனால்தான்.

இப்போது ஒரு கணக்கு. சுத்தியல் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் தூரம் விரல் இறங்கும் தூரத்தைப் போல ஐந்து மடங்கு. மெதுவாகத் தூக்கினால் விரலுக்கு அது 50 கிராமாகத் தெரியும். ஆனால் வேகமாக எறியும்போது விரல் உணரும் நிலைமம் ஐந்து மடங்கில்லை, ஐந்தைந்து இருபத்தைந்து மடங்கு. அதாவது 250 கிராம்! (உராய்வு, இடையில் இருக்கும் மற்ற நெம்புகோல்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்ட தோராயக் கணக்கு.) மெதுவாகத் தொட்டால் லேசாகவும் வேகமாகத் தொட்டால் கனமாகவும், எப்படி அழுத்துகிறோமோ அப்படிப் பதில் சொல்வதுதான் பியானோ கட்டை. "வெயிட்" என்கிறார்களே, அது இந்தப் பதில்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிராண்ட் பியானோ கட்டையைக் கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் வட்ட வட்டமாக ஈயம் பதித்திருப்பார்கள். பெரும்பாலும் வாசிப்பவர் பக்கத்தில். அது கட்டையைக் கனமாக்க இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் சுத்தியலின் பாரத்தைச் சமன்செய்து, அழுத்துவதை லேசாக்க! நிஜ பியானோவில் "வெயிட்" வைப்பதே வெயிட்டைக் குறைக்கத்தான். "வெயிட்டட்னா கட்டை கனமா இருக்கும் சார்" என்று விளக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஸ்பிரிங் என்ன செய்யும்?

சாதாரண கீபோர்டில் பிளாஸ்டிக் கட்டைக்கு அடியில் இருப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் குணம் பள்ளிக்கூட இயற்பியல் படித்த எல்லோருக்கும் தெரியும். அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடும். தொடக்கத்தில் லேசு, அடியில் கடினம். வேகமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் ஏறக்குறைய அதே எதிர்ப்பு.

பியானோவில் இது அப்படியே தலைகீழ். சுத்தியலை நகர்த்த ஆரம்பிக்கும்போதுதான் எதிர்ப்பு அதிகம். நகர்ந்துவிட்டால் அது தானாகப் போகும். குழந்தை உட்கார்ந்திருக்கும் ஊஞ்சலைத் தள்ளுவதும், ரப்பர் பேண்டை இழுப்பதும் ஒன்றா? இரண்டிலும் கைக்கு எதிர்ப்பு தெரியும். ஆனால் ரப்பர் பேண்டை ஆயிரம் தடவை இழுத்துப் பழகியவனுக்கு ஊஞ்சல் தள்ள வராது.

தேர்வு அறையில் அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். ஸ்பிரிங் கட்டையில் பெரும்பாலும் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் ஒரு சின்னச் சத்தமாவது வந்துவிடும். நிஜ பியானோவில் கட்டையை ரொம்ப மெதுவாக அழுத்தினால் சுத்தியல் தந்தியை எட்டாமலேயே திரும்பிவிடும். மௌனம்! மெல்லிய ஒலி வேண்டுமென்றால் மௌனத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழையை விரல் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மயிரிழையே இல்லாத கருவியில் இரண்டு வருஷம் பழகியவள் அதை எங்கே போய்த் தேடுவாள்?

டச் சென்சிடிவ் என்பது வேறு

கட்டை கனத்தைப் பற்றிப் பேசும்போது "டச் சென்சிடிவ்" என்பவர் காதில் பூ சுற்றுகிறார். இரண்டும் வேறு வேறு சமாசாரம்.

டச் சென்சிடிவ் என்றால் கட்டையின் வேகத்தைக் கருவி அளக்கிறது என்று அர்த்தம். கட்டைக்கு அடியில் இரண்டு தொடர்புப் புள்ளிகள் இருக்கும். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று உள்ளிருக்கும் சிப் பார்க்கும். நேரம் குறைந்தால் வேகம் அதிகம். அந்த வேகத்தை 1983-ல் வந்த மிடி முறைப்படி 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக மாற்றி, அதற்கேற்ற சத்தத்தை எடுத்துக் கொடுக்கும். இது கருவி விரலைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வழி. கட்டை கனம் என்பது விரல் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வழி. ஒன்று போகிற பாதை, இன்னொன்று வருகிற பாதை.

சாட்சி வேண்டுமா? அதே 1983-ல் வந்து உலகத்தையே கலக்கிய யமாஹா டிஎக்ஸ்7. 61 கட்டை. விரலின் வேகத்தை நன்றாகவே உணரும். ஆனால் கட்டை முழுக்க ஸ்பிரிங்தான். அதை யாரும் பியானோ என்று விற்கவில்லை. சிந்தசைசர் என்று நேர்மையாகச் சொல்லித்தான் விற்றார்கள்.

இன்னொரு சாட்சி, தேர்வு நடத்துபவர்களே. லண்டன் ஏ.பி.ஆர்.எஸ்.எம். தன் பியானோ தேர்வுக்கு டிஜிட்டல் பியானோவை அனுமதிக்கிறது. ஆனால் என்ன நிபந்தனை? தொடு உணர்வு வேண்டும், முழு அளவுள்ள கனமான கட்டைகளும் வேண்டும், பெடலும் வேண்டும். முதல் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்குத் தனித்தனியாக எழுத வேண்டும்? டிரினிட்டி காலேஜ் இன்னும் ஒரு படி மேலே போய், பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம் என்று பிரித்தே வைத்திருக்கிறது. லண்டனில் இருப்பவர்களுக்கு அவை இரண்டு கருவிகள். கடைக்காரருக்கு மட்டும் ஒரே கருவி.

"செமி" என்ற திரிசங்கு சொர்க்கம்

அட்டைப்பெட்டியில் இருக்கும் மற்ற வார்த்தைகளையும் பார்த்துவிடலாம்.

"பியானோ ஸ்டைல் கீஸ்" - கட்டையின் உருவம் பியானோ மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான். புலி வேஷம் போட்டவர் புலி ஆகமாட்டார்.

"செமி வெயிட்டட்" - அதே ஸ்பிரிங், கொஞ்சம் கடினமாக, கூடவே கட்டையில் சின்னதாக ஒரு எடை. ஆர்கன், சிந்த், பியானோ எல்லாம் மாறி மாறி வாசிக்கும் மேடைக் கலைஞருக்கு இது நல்ல சமரசம். பியானோ கற்கும் குழந்தைக்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

"ஹேமர் ஆக்‌ஷன்" - இதுதான் தேட வேண்டிய வார்த்தை. தந்தி கிடையாது, ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கனமான நெம்புகோல் உண்டு. கட்டையை அழுத்தினால் அது நிஜமாகவே நகரும். சத்தம் பதிவு செய்யப்பட்ட ஒலியிலிருந்து வருகிறது, கனம் மட்டும் அசல்.

"கிரேடட்" அல்லது "ஸ்கேல்டு ஹேமர்" - நிஜ பியானோவில் இடது பக்கச் சுத்தியல்கள் பெரிசு, வலது பக்கம் போகப் போகச் சிறிசு. அந்த வித்தியாசத்தையும் காட்டும் கட்டை. யமாஹா கிரேடட் ஹேமர் என்கிறது, கேசியோ ஸ்கேல்டு ஹேமர் என்கிறது, ரோலண்ட் புரோகிரெசிவ் ஹேமர் என்கிறது, கவாய் ரெஸ்பான்சிவ் ஹேமர் என்கிறது. பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். "ஹேமர்" என்ற ஒரு சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மீதிக் கால்வாசி ஒன்று உண்டு. அதைப் பெட்டியில் எழுதவே மாட்டார்கள். கட்டை சாய்ந்தாடும் அச்சு எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பது. கிராண்ட் பியானோவில் கண்ணுக்குத் தெரிவது கட்டையின் ஒரு பகுதிதான், மீதி மரம் உள்ளே நீண்டு போகும். "ஸ்லிம்" என்று பெருமையடிக்கும் மெல்லிய டிஜிட்டல் பியானோக்களில் அச்சு கிட்டத்திலேயே இருக்கும். நுனியில் அழுத்தினால் சரியாக இருக்கும் கட்டை, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் விரலை நுழைத்து அழுத்தினால் பாறையாகிவிடும். சீசாவில் நடுக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதிராளியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சில சப்பைக்கட்டுகள்

*"ஆறு மாசத்துல விட்டுட்டா பணம் வேஸ்ட்தானே?"* - நியாயமான பயம். ஹேமர் கட்டை வைத்த 88 கட்டைக் கருவி, சாதாரண கீபோர்டைவிடப் பல மடங்கு விலை. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது விளையாட்டில்லை. ஆனால் அதற்கு வழி பழைய கருவி வாங்குவது, வாடகைக்கு எடுப்பது, வகுப்பிலேயே கூடுதல் நேரம் கேட்டு வாசிப்பது. அல்லது "இப்போதைக்கு இது பியானோ இல்லை, ஸ்வரம் பழக ஒரு கீபோர்டு" என்று தெரிந்தே வாங்குவது. தெரிந்து வாங்கினால் அது சிக்கனம். தெரியாமல் வாங்கவைத்தால் அதற்குப் பெயர் வேறு. இதையும் யோசிக்க வேண்டும்: எவ்வளவு முயன்றாலும் விரலுக்குப் பதில் சொல்லாத கருவியை ஒரு குழந்தை ஆறு மாசத்தில் விட்டுவிட்டால், தப்பு குழந்தையுடையதா?

*"ரஹ்மானே கீபோர்டில்தானே ஆரம்பித்தார்?"* - ஆமாம், கீபோர்டையும் சிந்தசைசரையும் அவற்றுக்கு உரிய வேலைக்குப் பயன்படுத்தினார். அவர் மேடையில் வாசித்துக் காட்டிய கான்டினுவம் ஃபிங்கர்போர்டில் கட்டையே கிடையாது! கே. சத்யநாராயணன் கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிக்கிறார். கமகத்துக்கு அங்கே தேவை பிட்ச் பெண்ட், சுத்தியல் இல்லை. லேசான கட்டை மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. வயலின் கற்க வந்த பிள்ளைக்கு வீணை வாங்கிக்கொடுத்துவிட்டு "இரண்டிலும் நாலு தந்திதானே" என்று சொல்லாதீர்கள் என்பதுதான் வாதம்.

*"அப்படின்னா எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது, விரலுக்கு எக்சர்சைஸ்!"* - இது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. ஆசிரியர்களே சிலர் இதைப் பரப்புகிறார்கள். மோட்ஸார்ட் காலத்து வியன்னா பியானோக்களின் கட்டைகள் இன்றைக்கு இருப்பதைவிட ரொம்பவே லேசு, ஆழமும் குறைவு. ஷோபனுக்குப் பிடித்தது லேசாக இறங்கும் ப்ளேயெல் பியானோ. ராபர்ட் ஷூமன் விரலை வலுப்படுத்தும் கருவியைப் பயன்படுத்தித்தான் வலது கையைக் கெடுத்துக்கொண்டார் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. உண்மைக் காரணம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கை திரும்பவில்லை, அவருடைய பியானோ மேடைக் கனவு அதோடு முடிந்தது. பியானோ கட்டை டம்பெல் இல்லை. வேண்டியது கனம் இல்லை, கனம் வேகத்துக்கேற்ப மாறும் அந்த உறவு.

*"டிஜிட்டலே குப்பை, நிஜ பியானோ வாங்கு"* - வாங்க இடமும் பணமும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சென்னைக் கடல் காற்றில் தந்தி துருப்பிடிக்காமல், புழுக்கத்தில் மரம் ஊதிக் கட்டை சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல டியூனரும் வேண்டும். பராமரிக்காத நிஜ பியானோவைவிட ஒழுங்கான ஹேமர் கட்டை டிஜிட்டல் பியானோ எவ்வளவோ மேல்.

கடையில் ஐந்து நிமிஷம்

வாங்கப் போகிறவர் கருவியை ஆன் செய்யச் சொல்ல வேண்டாம். ஆன் செய்தால் ஸ்பீக்கர் சத்தத்தில் மயங்கிவிடுவோம். ஆஃப் செய்தபடியே கட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். ஆறேழு நாணயங்களைக் கட்டையின் முன் நுனியில் அடுக்கினால் 46 முதல் 54 கிராம். பியானோ கட்டை ஏறக்குறைய அந்த எடைக்குத்தான் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். ஒரே நாணயத்துக்குத் தொபுக்கென்று விழுந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. ஸ்பிரிங்கையும் 50 கிராமுக்கு இறுக்கிவைக்க முடியும் அல்லவா? அதனால் அடுத்தது: ஒரு தடவை மெதுவாக அழுத்த வேண்டும், ஒரு தடவை சடாரென்று. இரண்டுக்கும் விரலில் ஒரே எதிர்ப்பு தெரிந்தால் அது ஸ்பிரிங். சடாரென்று அழுத்தும்போது உள்ளே ஏதோ கனமாக அசைவது தெரிந்தால் சுத்தியல். பிறகு இடது கோடிக் கட்டை, வலது கோடிக் கட்டை, வித்தியாசம் தெரிகிறதா? கடைசியாக, கட்டையின் உள்பக்கம், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் ஒரு அழுத்து. அதன் பிறகு ஆன் செய்து ஒரே கட்டையைப் பாதி மட்டும் விட்டு மறுபடி அழுத்திப் பார்க்கலாம். மூன்று சென்சார் இருக்கும் கருவி என்றால் அதற்கும் பதில் சொல்லும்.

இதற்கெல்லாம் பியானோ வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. விரல் இருந்தால் போதும்.

யார் மாற வேண்டும்?

கடைக்காரரை மட்டும் திட்டினால் கணக்கு சரியாகாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொள்கிறது. அந்தக் குழப்பத்தில் லாபம் பார்ப்பது கடை. குழப்பம் இருப்பது தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பவர்கள் கற்றுக்கொடுப்பவர்கள். சேர்க்கும்போது உண்மையைச் சொன்னால் பிள்ளை வராமல் போய்விடுமோ என்ற பயம். பீஸ் வருகிறது, கிரேடு ஏறுகிறது, பெற்றோர் சந்தோஷமாக இருக்கிறார்கள், எதற்கு வம்பு என்ற எண்ணம். கடைசியில் வம்பு முழுவதையும் சுமப்பது அந்த எட்டு வயசுப் பெண்.

கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கடையில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் மூன்றில் ஒன்றைத் தமிழில் எழுதி ஒட்டட்டும்: "ஸ்பிரிங்", "ஸ்பிரிங்கும் எடையும்", "சுத்தியல்". ஆசிரியர் முதல் நாளே சொல்லட்டும்: "இது கீபோர்டு வகுப்பு, அது பியானோ வகுப்பு. உங்கள் வீட்டில் இருப்பது இன்ன கருவி." அதற்குப் பிறகு பெற்றோர் எதை வாங்கினாலும் அது அவர்கள் முடிவு. ஒருவரும் குறை சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பாப்பா வருவாள். "வெயிட்டட் மாதிரிதான்" என்று யாராவது சொல்வார்கள். அப்போது பக்கத்தில் நிற்பவர் பையிலிருந்து ஏழு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்துக் கொடுத்து, "மேடம், இதை அடுக்கிப் பாருங்க, அப்புறம் ஓங்கி ஒரு அழுத்து அழுத்திப் பாருங்க" என்று சொன்னால் போதும். எழுபது ரூபாயில் இரண்டு வருஷம் மிச்சம்.